வட்டம் வந்துடுச்சுங்க மாமா!

நாமகிரிப்பேட்டை என்றதும் பாதிப் பேருக்கு நாதஸ்வரம் கிருஷ்ணன் ஞாபகம் வருவார். மீதிப் பேருக்கு மஞ்சள். செவ்வாய்க்கிழமை போனால் ஆர்.சி.எம்.எஸ். ஏலத்தில் விரலி, உருண்டை, பனங்காலி என்று மூன்று ஜாதி மஞ்சளும் மூட்டை மூட்டையாக உட்கார்ந்திருக்கும். வெள்ளைச் சட்டையோடு உள்ளே போகிறவர்கள் கல்யாணப் பத்திரிகை மாதிரி நாலு மூலையும் மஞ்சளாகித் திரும்புவார்கள்.

மூன்றாவதாக ஒரு விஷயத்துக்கும் இந்த வட்டாரம் பேர் வாங்கியிருக்க வேண்டும். யாரும் கவனிக்கவில்லை. இலைச்சாறு! இந்தப் பக்கம் ராசிபுரம், அந்தப் பக்கம் நாமக்கல், தள்ளிப் போனால் திருச்செங்கோடு, சேலம் என்று எங்கே திரும்பினாலும் காலேஜ். காலேஜ் இருந்தால் மைக்ரோபயாலஜி இருக்கும். மைக்ரோபயாலஜி இருந்தால் கடைசி செமஸ்டரில் ப்ராஜெக்ட் இருக்கும். அந்த ப்ராஜெக்ட் புத்தகங்களில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவிப் பாருங்கள். 'இன்ன செடியின் இலைச்சாற்றுக்கு கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்னும் ஈஸ்ட்டை எதிர்க்கும் திறன் உண்டா?' இதுதான் தலைப்பாக இருக்கும், அல்லது இதன் ஒன்றுவிட்ட தம்பி. 'இன்ன' என்கிற இடத்தில் நொச்சி, துளசி, ஆடாதொடை, குப்பைமேனி, வேம்பு. வேலியோரம் எது முளைத்திருக்கிறதோ அது.

என் தங்கையை நாமகிரிப்பேட்டையில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு மஞ்சள் காடு. அவர்கள் பெண் இந்த வருஷம் எம்.எஸ்ஸி. கடைசி செமஸ்டர். போன மாதம் போயிருந்தபோது ஹாலில் கால் வைக்க இடமில்லை. ஃபேனுக்குக் கீழே பழைய பேப்பர் விரித்து அதன்மேல் இலை, இலை, மேலும் இலை. வெயிலில் போடக்கூடாதாம், நிழலில்தான் காய வேண்டுமாம். ஒரு மூலையில் சேர் போட்டு உட்கார்ந்தேன். அந்த சேரிலும் கொஞ்சம் நொச்சி.

"பாருங்கண்ணா, மிக்ஸியில இவ நிலவேம்பை அரைச்சா. மூணு நாளைக்குச் சட்னி கசந்துச்சு. உங்க மாப்பிள்ளை தனக்கு நாக்குல ஏதோ வியாதின்னு பயந்துட்டாரு" என்று தங்கை புலம்பினாள்.

"நல்லாக் கழுவித்தானுங்க மாமா வெச்சேன்" என்றது பெண்.

ஈஸ்ட் என்றால் பேக்கரிக்காரருக்கு பன். டாஸ்மாக் பக்கம் போகிறவர்களுக்கு பீர். (நீங்கள் போகமாட்டீர்கள். தெரியும்.) அது சாது. அதற்குத் தூரத்து உறவு இந்த கேண்டிடா. லத்தீனில் கேண்டிடா என்றால் வெள்ளை. பழைய ரோமில் தேர்தலுக்கு நின்றவர்கள் வெள்ளை உடுத்திக்கொண்டு ஓட்டுக் கேட்டதால்தான் வேட்பாளருக்கு கேண்டிடேட் என்று பேர் வந்தது. நம்ம ஊர் வெள்ளை வேட்டியை இந்த விஷயத்தில் யாரும் குறை சொல்ல முடியாது, இரண்டாயிரம் வருஷத்துப் பழக்கம். ஆல்பிகன்ஸ் என்றாலும் வெள்ளையாவது என்றுதான் அர்த்தம். ஆக மொத்தம் 'வெள்ளை வெளேர்'.

பேருக்கேற்ற குணமில்லை. சாதாரணமாக நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும். நமக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்தாலோ, ஆன்டிபயாடிக் சாப்பிட்டு அக்கம்பக்கத்து பாக்டீரியாக்களைக் காலி பண்ணினாலோ, சர்க்கரை ஏறினாலோ தன் வேலையைக் காட்டும். கைக்குழந்தை நாக்கில் தயிர் ஒட்டினமாதிரி வெள்ளை படிந்தால் பாட்டிகள் 'அக்கரம்' என்பார்களே, அது கேண்டிடா. சொல்லக் கூசுகிற இடத்தில் அரிப்பு என்று டாக்டரிடம் போய், டெஸ்ட் எடுத்துப் பார்த்து, 'உங்களுக்குச் சர்க்கரை சார்' என்ற செய்தியோடு திரும்பி வந்த ஆண்கள் நிறைய உண்டு. ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ.வில் படுத்திருப்பவரின் ரத்தத்தில் இது கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே பெண்கள் எடுத்துக்கொள்ளும் எதிரி அற்பமான எதிரியில்லை. சோதனையும் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. காய்ந்த இலையைப் பொடி பண்ணி, மெத்தனாலில் ஊறவைத்து அல்லது சாக்ஸ்லெட் என்கிற கண்ணாடி வாத்தியத்தில் சுற்றவிட்டுச் சாறு எடுக்கிறார்கள். (சாக்ஸ்லெட் என்பவர் ஒரு ஜெர்மன்காரர். 1879-ல் பாலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று பார்ப்பதற்காக அதைச் செய்தார். நம்ம பால்காரர்கள் பார்த்திருந்தால் அன்றைக்கே உடைத்திருப்பார்கள்.) பிறகு மெத்தனாலை ஆவியாக்கிவிட்டால் கரும்பச்சையாக ஒரு பிசின் மிஞ்சும். இன்னொரு பக்கம், பெட்ரி தட்டில் அகர் ஊற்றி அதன்மேல் கேண்டிடாவை விதைத்து, நடுவில் கிணறு மாதிரிச் சின்ன குழி வெட்டி, அதில் பிசின் கரைசலை விடுவார்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ தட்டைத் திறந்தால் எங்கும் மாவு பூசினமாதிரி ஈஸ்ட் வளர்ந்திருக்கும். குழியைச் சுற்றி மட்டும் சுத்தமாக, கண்ணாடி மாதிரி ஒரு வட்டம். சாறு போன தூரம் வரைக்கும் ஈஸ்ட்டுக்கு 'உள்ளே வராதே'.

அந்த வட்டத்தை ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளப்பார்கள். வட்டம் வரவில்லையென்றால் அழுகை. வந்தால் வீட்டுக்கு போன். "வட்டம் வந்துடுச்சுங்க மாமா! சீமை அகத்திக்குத்தான் பெருசு!" என்று எனக்கும் போன் வந்தது. நானும் சந்தோஷப்பட்டேன். ஒரு பெண் ஐந்து மாதம் அலைந்து, சாதம் வடிக்கிற அடுப்பில் அம்மாவிடம் திட்டு வாங்கி, பஸ்ஸில் நின்றுகொண்டு போய் ஒரு வட்டத்தை உண்டாக்கியிருக்கிறாள். சந்தோஷப்படாமல் என்ன?

சந்தோஷத்தில் மண் போட்டவர் அவள் அப்பாதான். அவளுடைய பட்டியலில் மஞ்சள் இலையும் இருந்தது. அதற்கும் ஒரு குட்டி வட்டம் வந்திருந்தது. மாப்பிள்ளை பம்ப்செட்டில் கால் கழுவிக்கொண்டே கேட்டார்:

"ஏனுங்க மச்சான், மஞ்ச இலை பூஞ்சக்காளானைக் கொல்லுதுன்னு இந்தப் புள்ள எழுதியிருக்குது. அதே இலையில புள்ளி விழுந்து கருகிப்போகுதுன்னு நான் வருசா வருசம் டேங்க் டேங்கா மாங்கோசெப் அடிச்சிட்டிருக்கேன். அது என்ன பூஞ்சக்காளான் இல்லாம பூரானுங்களா?"

டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் திணறுகிற கேள்வி. மஞ்சளின் இலைப்புள்ளி நோய் கொலெட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சையால் வருவதுதான். இலைக்கு ஓட முடியாது, கடிக்க முடியாது. ஆகவே தன்னைத் தின்ன வருகிற பூஞ்சைகளை விரட்டத் தனக்குள்ளேயே எண்ணெய்களையும் கசப்புகளையும் தயாரித்து வைத்துக்கொள்கிறது. இலைச்சாற்றின் சக்தியெல்லாம் அங்கிருந்து வருவதுதான். ஆனால் பல ஆயிரம் வருஷம் ஒரே வீட்டைச் சுற்றிவந்த திருடன் அந்த வீட்டுப் பூட்டுக்குச் சாவி செய்துகொள்வான். கொலெட்டோட்ரைக்கம் அப்படிப்பட்ட திருடன். கேண்டிடாவுக்கு மஞ்சள் காடு பழக்கமில்லை, அது மனுஷ உடம்பிலேயே வளர்ந்தது. புது ஆள், மாட்டிக்கொண்டது. இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். "அப்ப மருந்து அடிக்கறதை நிறுத்த முடியாதுங்களா?" என்றார். முடியாது என்றேன். "அப்பறம் என்னத்துக்குங்க வட்டம்?"

என்னத்துக்கு வட்டம்? நியாயமான கேள்வி. பெட்ரி தட்டில் வட்டம் உண்டாக்குவது பெரிய வித்தையில்லை. பேட்டரி ஆசிட் ஊற்றினால் இன்னும் பெரிய வட்டம் வரும். பினாயிலுக்கு வரும். ஈஸ்ட் செத்தது என்பதை வைத்து மட்டும் அது மருந்து என்று சொல்லிவிட முடியாது.

வட்டத்தின் அளவும் நம்மை ஏமாற்றும். அகர் என்பது பெரும்பாலும் தண்ணீர். தண்ணீரில் கரைகிற சரக்கு சுலபமாகப் பரவி அகல வட்டம் போடும். எண்ணெய்ப் பசையுள்ள சரக்கு நிஜத்தில் பெரிய பயில்வானாக இருந்தாலும் நகர முடியாமல் குழியோரத்திலேயே நிற்கும். ஆகவே இலைக்கு 14 மில்லிமீட்டர், ஃப்ளூகோனசோல் மாத்திரைக்கு 20 மில்லிமீட்டர் என்று வந்தால் 'நம்ம இலை மாத்திரைக்குக் கொஞ்சம்தான் குறைச்சல்' என்று எழுதுவது தப்பு. எத்தனை போட்டு அந்த வட்டம் வந்தது என்று பார்க்க வேண்டும். கேண்டிடா ஆல்பிகன்ஸ் ஒரு மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமோ அதற்கும் குறைவான ஃப்ளூகோனசோலிலோ அடங்கினால்தான் அது மருந்துக்குக் கட்டுப்பட்டது என்று லேபில் எழுதுவார்கள். இலைச்சாறு ஒரு மில்லிகிராம் வேண்டியிருந்தால்? அது 500 மடங்கு. சாறு என்பது ஒரே பொருள் இல்லை, பச்சையம், சர்க்கரை, மெழுகு எல்லாம் கலந்த கதம்பம், அதில் வேலை செய்கிற ஆள் ஒருத்தனோ ரெண்டு பேரோதான் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஒருத்தனைத் தனியே பிரித்துப் பிடித்தால் 500 மடங்கு நிஜமாகவே குறையலாம். பிடிக்கத்தான் ஆள் இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பாக்டீரியா நமக்கு அந்நியன். அவன் வீட்டுக் கட்டுமானமே வேறு. நமக்கு அடிபடாமல் அவனை அடிக்க ஏகப்பட்ட இடம் உண்டு. பூஞ்சையும் ஈஸ்ட்டும் அப்படியில்லை. செடியைவிட நமக்கு நெருக்கம், பங்காளி. அதற்கும் உட்கரு உண்டு, மைட்டோகாண்ட்ரியா உண்டு. பங்காளி வீட்டுக்கு வைக்கிற நெருப்பு நம்ம கூரைக்கும் பரவும். நம் செல்லின் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கிற இடத்தில் அதற்கு எர்கோஸ்டெரால் என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலான மருந்துகள் அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் கத்தி வைக்கின்றன. இலைச்சாறு அந்த வித்தியாசம் தெரிந்து கொல்கிறதா, கண்ணில் பட்டதையெல்லாம் கொல்கிறதா? வட்டம் இதைச் சொல்லாது.

வட்டத்துக்கு அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு உலகத்தில் ஒரு நல்ல கதை இருக்கிறது. அமெரிக்காவில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்று இரண்டு பெண்கள், நியூயார்க் மாநில சுகாதாரத் துறை ஊழியர்கள். ஹேசன் இருந்தது நியூயார்க் நகரத்தில். பிரவுன் இருந்தது ஆல்பனியில். 1940-களின் கடைசியில் இருவரும் தபாலிலேயே ஆராய்ச்சி செய்தார்கள். ஹேசன் ஊர் ஊராக மண்ணைச் சேகரித்து, அதிலிருக்கும் நுண்ணுயிர்களை வளர்த்து, கேண்டிடாவைத் தடுக்கிறதா என்று பார்ப்பார். தடுத்தால் அதை ஜாடியில் போட்டு ஆல்பனிக்குத் தபால். பிரவுன் அதிலிருந்து வேலை செய்கிற பொருளை மட்டும் பிரித்தெடுத்து மறுபடி நியூயார்க்குக்குத் தபால். ஹேசன் அதைத் திரும்ப ஈஸ்ட்டில் சோதித்து, பிறகு எலிக்குக் கொடுத்துப் பார்ப்பார். ஈஸ்ட்டைக் கொன்றவற்றில் பெரும்பாலானவை எலியையும் கொன்றன. பங்காளி விவகாரம்! கடைசியில் வர்ஜீனியாவில் நண்பர் ஒருவரின் பண்ணை மண்ணிலிருந்து கிடைத்த ஒன்று ஈஸ்ட்டைக் கொன்றது, எலியை விட்டுவைத்தது. 1950-ல் அறிவித்தார்கள். நியூயார்க் ஸ்டேட் என்பதைச் சுருக்கி நிஸ்டாட்டின் என்று பேர். இன்றைக்கும் குழந்தையின் அக்கரத்துக்கு டாக்டர் எழுதித் தருகிற மருந்துகளில் இதுவும் ஒன்று. ராயல்டி ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு மேல் வந்தது. இரண்டு பேரும் ஒரு டாலர் எடுத்துக்கொள்ளாமல் முழுவதையும் அறிவியல் ஆராய்ச்சிக்கே விட்டுவிட்டார்கள்.

கவனித்தீர்களா? அவர்களுக்கும் முதலில் கிடைத்தது வட்டம் மாதிரி ஒன்றுதான். அதன் பிறகு பிரித்தெடுத்தார்கள், பிறகு எலி, பிறகு மனிதன். நம்ம பிள்ளைகளின் ப்ராஜெக்ட் வட்டத்தை அளந்து, ஃபோட்டோ எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, வைவாவில் வெளித்தேர்வாளருக்கு பாதாம்பால் கொடுத்ததும் முடிந்துவிடுகிறது. அடுத்த வருஷம் வருகிற பிள்ளை மறுபடி முதல் படியில் வேறொரு இலை. பிள்ளைகள் மேல் தப்பில்லை. ஐந்து மாதத்தில், இருக்கிற சாமான்களை வைத்து, அவ்வளவுதான் முடியும்.

இது ஏதோ பரீட்சை மார்க் விவகாரம் என்று நினைக்காதீர்கள். உடம்புக்குள் புகுந்த ஈஸ்ட்டுக்குக் கொடுக்க இன்று டாக்டர்களிடம் இருக்கும் மருந்து வகைகளை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். ஃப்ளூகோனசோல் வகையறா, ஆம்ஃபோடெரிசின், எக்கினோகேண்டின் வகையறா, அபூர்வமாக இன்னொன்று. சில ரசாயனக் கூடத்தில் பிறந்தவை, சில மண் பாக்டீரியாவிலிருந்தும் பூஞ்சையிலிருந்தும் வந்தவை. இலையிலிருந்து வந்தது ஒன்றுகூடக் கிடையாது. 2009-ல் ஜப்பானில் ஒருவரின் காதுக்குள்ளிருந்து கேண்டிடா ஆரிஸ் என்று புதிதாக ஒரு ஈஸ்ட்டைக் கண்டுபிடித்தார்கள். சில வருஷங்களிலேயே இந்திய ஆஸ்பத்திரிகளிலும் தென்பட்டது. சில ரகங்கள் இந்த வகை மருந்துகள் எதற்குமே மசியவில்லை. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் முதல்முறையாக ஆபத்தான பூஞ்சைகளுக்கு ஒரு பட்டியல் போட்டபோது தலையாய வரிசையில் நாலே பேர். அதில் கேண்டிடா ஆரிஸ் ஒருவர், நம்ம வெள்ளை வெளேர் இன்னொருவர். புது மருந்துக்கு அவ்வளவு பஞ்சம் இருக்கிற நேரத்தில் இத்தனை வட்டங்கள் பீரோவில் தூங்குகின்றன.

சரி, ஐ.சி.யூ. இருக்கட்டும். கழுத்துக்கு வருவோம்.

இந்த வீட்டில் ஒரு பையனும் இருக்கிறான், அவளுக்கு அண்ணன். நாமக்கல்லில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் வேலை. பைக், இறுக்கமான பேன்ட், கழுத்துவரை பட்டன். அந்தப் பட்டனுக்குக் காரணம் ஸ்டைல் இல்லை. கழுத்திலும் முதுகிலும் தேமல். பெண் பார்க்கும் படலம் ஆரம்பித்திருக்கிறார்கள். வெளிர் வெளிராகத் திட்டு தெரிந்தால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற பயம். தங்கைகிட்டே நைசாகக் கேட்டிருக்கிறான்: "உன்ற பச்சைச் சாறு கொஞ்சம் குடேன், பூசிப் பாக்கறேன்."

"அது மெத்தனால்ல எடுத்தது. சரியா ஆவியாகாம மிச்சம் இருந்தா உனக்குத்தான் வம்பு. ஈஸ்ட்டுக்குப் போட்டதை எல்லாம் அண்ணனுக்குப் போட முடியாது" என்று மறுத்துவிட்டாள். எனக்குத் தெரிந்து அந்த ப்ராஜெக்ட்டிலேயே சிறந்த முடிவு இதுதான்.

அவன் அதற்குள் வேறொரு காரியம் செய்திருந்தான். மெடிக்கல் ஷாப்பில் கழுத்தைக் காட்டி ஒரு ட்யூப் வாங்கியிருந்தான். சீட்டு கேட்கவில்லை. ட்யூபின் முதுகில் எறும்பு சைஸ் எழுத்தில் இருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். பூஞ்சை மருந்து ஒன்று, ஆன்டிபயாடிக் ஒன்று, கூடவே க்ளோபெட்டசால். கடைசி ஆசாமி ஸ்டீராய்டு, அதிலும் ரொம்ப முரட்டு ஜாதி. தடவியதும் அரிப்பும் சிவப்பும் அடங்கிவிடும், 'ஆஹா மருந்து!' என்று தோன்றும். அடங்கியது நம் தோலின் எதிர்ப்பு. போலீஸைத் தூங்க வைத்துவிட்டால் தெருவில் சத்தம் இருக்காது, திருட்டு நடக்கும். நிறுத்தியதும் திரும்ப வரும், பரவி வரும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, தொடையிடுக்கில் பிரசவத் தழும்பு மாதிரி வரி விழும். இந்த ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது. உத்தரவு பாட்டுக்கு உத்தரவு.

(படர்தாமரைக்கும் இதே ட்யூபைத் தடவுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்தவும். படர்தாமரை ஈஸ்ட் இல்லை, வேறு பூஞ்சை. இந்த மாதிரிக் கலவைக் களிம்புகளும், பாதியில் நிறுத்திய மாத்திரைகளும் சேர்ந்து இந்தியாவில் அதை அடங்காப்பிடாரியாக்கிவிட்டன. 2020-ல் அதில் ஒரு புது வகைக்கு ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று நம் நாட்டின் பேரையே சேர்த்து வைத்தார்கள். பெருமைப்பட ஒன்றுமில்லை.)

பையனை இழுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரித் தோல் டாக்டரிடம் போனோம். அவர் கழுத்தைச் சுரண்டி, அந்தத் தூளில் ஒரு சொட்டு பொட்டாஷ் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, எங்களையும் பார்க்கச் சொன்னார். வெளிநாட்டுப் புத்தகங்களில் இந்தக் காட்சியை நூடுல்ஸும் இறைச்சி உருண்டையும் என்று வர்ணிப்பார்கள். எனக்கு அது அச்சு அசல் சேமியா ஜவ்வரிசிப் பாயசம். ஜவ்வரிசி ஈஸ்ட், சேமியா அது விட்ட இழை. பேர் மலசீஸியா. கேண்டிடா இல்லை, வேறு கிளை. பெரியவர்கள் எல்லார் தோலிலும் இருக்கிற ஆள்தான். வெயிலும் வேர்வையும் எண்ணெய்ப் பசையும் சேரும்போது கூட்டம் கூடுகிறது. அது சுரக்கும் ஒரு அமிலம் தோல் நிறமி தயாராவதைத் தடுப்பதால் வெளிர்த் திட்டு என்று கருதுகிறார்கள். வெண்குஷ்டம் இல்லை, தொழுநோய் இல்லை, அழுக்கால் வந்ததில்லை, கல்யாணத்துக்குத் தடையில்லை. கீட்டோகோனசோலோ செலினியம் சல்ஃபைடோ கலந்த ஷாம்பு, களிம்பு போதும். ஈஸ்ட் சீக்கிரம் போய்விடும். நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் பொறுமை போய், மருந்து வேலை செய்யவில்லை என்று மறுபடி அந்த ட்யூபுக்குப் போகிறவர்கள்தான் அதிகம் என்றார் டாக்டர்.

பஸ்ஸில் திரும்பும்போது பெண் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "ஏனுங்க மாமா, ஊர்ல இத்தனை பேர் கழுத்துல இருக்கறது மலசீஸியா. நாங்க எல்லாரும் எதுக்குங்க கேண்டிடாவையே புடிச்சுத் தொங்கறோம்?"

பதிலை அவளே சொன்னாள். கேண்டிடா வளர்ப்பது சுலபம். சண்டிகரில் இருக்கும் அரசு நுண்ணுயிர் வங்கிக்குப் பணம் கட்டினால் நம்பர் போட்டுச் சின்னக் குப்பியில் அனுப்பிவைப்பார்கள். சாதாரண அகரில் ஒரே நாளில் மாவு பொங்கினமாதிரி வரும். மலசீஸியா அப்படியில்லை, எண்ணெய் ஊற்றினால்தான் வளருவேன் என்று அடம்பிடிக்கிற சாப்பாட்டு ராமன். மெதுவாக வேறு வளரும். நோயாளியின் தோலிலிருந்து எடுப்பதற்கு எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வேண்டும். ஐந்து மாத செமஸ்டருக்கு யார் அதைத் தொடுவார்கள்?

ஒரே ஒரு முறையாவது யாராவது தொட்டிருக்கிறார்களா என்று நான் தேடினேன். தொட்டிருக்கிறார்கள். 1994-ல் 'ஜர்னல் ஆஃப் எத்னோஃபார்மகாலஜி' என்ற சர்வதேச இதழில் தாமோதரன், வெங்கட்ராமன் என்று இரண்டு பேர் எழுதிய கட்டுரை. பேரைப் படித்ததுமே நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர்கள் எடுத்துக்கொண்ட நோய் தேமல். எடுத்துக்கொண்ட இலை சீமை அகத்தி, இந்தப் பெண்ணுக்குப் பெரிய வட்டம் போட்டுக் காட்டிய அதே இலை. பெட்ரி தட்டோடு நிற்காமல், 10 வருஷ காலம் மனிதர்கள் தோலில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இந்த இலைச்சாற்றைத் தேமலுக்கு மனிதர்களிடம் சோதித்தது இதுவே முதல் என்று குறிப்பிட்டு, நம்பிப் பயன்படுத்தலாம், பக்க விளைவே இல்லை என்று முடித்திருக்கிறார்கள். 'பக்க விளைவே இல்லை' என்கிற வாக்கியத்தை எந்த மருந்துக்கு எழுதினாலும் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். வெந்நீருக்கே பக்க விளைவு உண்டு. ஆனால் முதல் படியில் கூட்டம் அலைமோதும் மாடிப்படியில் கடைசிப் படிவரை ஏறிப் பார்த்த இரண்டு பேர் என்பதால் அவர்களுக்கு ஒரு கும்பிடு.

சீமை அகத்தியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாய்க்கால் ஓரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினமாதிரி மஞ்சளாக நிமிர்ந்து பூத்திருக்கும். வண்டுகொல்லி என்றும் சொல்வார்கள். சீமை என்ற அடைமொழி சும்மா இல்லை, அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்த செடி. வந்த இடத்திலெல்லாம் தோல் நோய்க்குத் தடவியிருக்கிறார்கள். சித்த மருந்துக் கடையில் சீமை அகத்திக் களிம்பு என்று கேட்டால் டப்பாவில் தருவார்கள். பிலிப்பைன்ஸில் இதற்குப் பேர் அகாபுல்கோ. அந்த நாட்டு சுகாதாரத் துறை, மக்கள் நம்பிப் பயன்படுத்தலாம் என்று பத்தே பத்து மூலிகைகளைப் பொறுக்கி அறிவித்தபோது அதில் இதையும் சேர்த்தது. ஆராய்ச்சி செய்து லோஷனாகவே கொண்டுவந்தார்கள்.

அதற்காக வாய்க்கால் ஓரத்தில் ஒடித்துக் கசக்கி உடனே தேய்த்துக்கொள்ளாதீர்கள். ஒரே செடியின் இலையில் கார்த்திகையில் இருக்கும் சத்தும் சித்திரையில் இருக்கும் சத்தும் ஒன்றாக இருப்பதில்லை. மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று அட்டையிலேயே போட்டிருக்கும். இலையில் யாரும் போடவில்லை. அதைப் போடுகிற அளவுக்கு வேலையை முடிப்பதுதான் அந்த இரண்டாம் படி, மூன்றாம் படி.

பையன் ஷாம்பு போட்டுக்கொண்டிருக்கிறான். பட்டன் இன்னும் திறக்கவில்லை. ட்யூபை அவன் அம்மா கொல்லைக் குப்பையில் எறிந்துவிட்டாள். பெண்ணுக்கு வைவா முடிந்து நல்ல மார்க். வெளித்தேர்வாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "டி.எம்.எஸ்.ஓ.வை மட்டும் ஒரு குழியில் ஊற்றிப் பார்த்தாயா?" சாற்றைக் கரைக்கிற திரவம் அது. வட்டம் இலை போட்டதா, கரைத்த திரவம் போட்டதா என்று தெரிவதற்கு. பார்த்திருந்தாள். அதற்கு வட்டம் வரவில்லை. ஐந்து மாதத்தில் அவளுக்குப் பிடித்த தட்டு அதுதான் என்றாள், வட்டமே இல்லாத அந்தத் தட்டு.

பிஎச்.டி. சேரப் போகிறாளாம். கைடு ஒப்புக்கொண்டிருக்கிறார், சீமை அகத்தியும் மலசீஸியாவும். எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதியாகிவிட்டது. முந்தாநாள் தங்கை போன் பண்ணினாள்.

"அண்ணா, இவ அந்த ஈஸ்ட்டை வளர்த்தறதுக்கு ஆலிவ் எண்ணெய் வேணுங்கறா. கால் லிட்டர் என்ன விலை தெரியுங்களா? நான் வேணும்னா செக்குல ஆட்டின நல்லெண்ணெய் ஒரு தூக்கு தர்றேன், அதைக் குடிச்சு வளரட்டுமேன்னு சொன்னா, முறைக்கறா. நீங்களே இவகிட்டப் பேசுங்க."

பேசினேன். அடுத்த வாரம் சேலம் போகும்போது ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போகிறேன்.